ஆளுக்கொரு பக்கம்: ஒடுகத்தூர் – ஆம்பூர் வட்டாரத்தில் வாடிக்கையாளர் பதிவின் வரலாறு

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலையின் வடக்கு அடிவாரத்தை ஒட்டி, உத்திரகாவேரி ஆறு ஓடும் பேரூராட்சி ஒடுகத்தூர். வெள்ளிக்கிழமைதோறும் அங்கே ஆட்டுச்சந்தை கூடுகிறது. பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை போன்ற மலை ஊர்களிலும் அடிவாரக் கிராமங்களிலும் வளர்ந்த ஆடுகள் அங்கே விலைக்கு வருகின்றன. பக்ரீத், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கூட்டம் பல மடங்காகும். ஆட்டின் இறைச்சி ஊருக்குள் தீர்ந்துவிட, தோல் ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் தொழிலுக்குப் போகிறது. ஒடுகத்தூரிலிருந்து மாதனூர் வழியாகப் போனால் ஆம்பூர்.

இந்த வட்டாரத்தில் வாங்குபவர் யார், அவருக்கு என்ன வேண்டும், எவ்வளவு பாக்கி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளப் பல முறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தரகர், பேரேடு, கோப்பு, கணினி, கைப்பேசி என்று அந்த வரிசை போகிறது. இன்று சி.ஆர்.எம். என்ற பெயரில் சிறு நிறுவனங்களுக்கு விற்கப்படும் வாடிக்கையாளர் மென்பொருள் அதில் கடைசியாக வந்தது. எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்கும் வியாபாரிக்கு முந்தைய முறைகளின் வரலாறு மிகவும் பயன்படும். ஒவ்வொரு முறையிலும் அந்த நினைவு யார் கையில் இருந்ததோ, வியாபாரத்தின் பிடியும் பெரும்பாலும் அவர் கையில் இருந்தது.

சந்தையில் அது தரகர் கையில் இருந்தது. கால்நடைச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்து விலை பேசுவது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடப் பேசிய தொகை தெரியாது. எந்தக் கறிக்கடைக்காரர் கையோடு காசு தருவார், யார் அடுத்த சந்தைக்குத் தருவதாகச் சொல்வார், யாருக்கு வெள்ளாடு, யாருக்குச் செம்மறி, எந்த வீட்டில் காதுகுத்து வருகிறது என்பதெல்லாம் தரகருக்கு மனப்பாடம். விற்றவரும் வாங்கியவரும் ஒருவர் பெயரை ஒருவர் அறியாமலேயே பல ஆண்டுகள் வியாபாரம் செய்ய முடிந்தது. தரகர் படுத்துவிட்டால் அல்லது வேறு சந்தைக்கு மாறிவிட்டால் இருவருமே புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

எழுத்துக் கணக்கு மண்டிகளில் வேரூன்றியது. பச்சைத் தோலை வாங்கி உப்பிட்டுச் சேர்க்கும் வியாபாரிகளும், அதைப் பதனிடுபவர்களும், பதனிட்ட தோலை விற்றுக் கொடுக்கும் கமிஷன் மண்டிக்காரர்களும் கடனில் தொழில் செய்தவர்கள். கடன் இருக்கும் இடத்தில் புத்தகம் இல்லாமல் முடியாது. அன்றன்றைய கொடுக்கல் வாங்கல் முதலில் சிட்டையில் ஏறும். அங்கிருந்து நாள்வழிக்கும், நாள்வழியிலிருந்து பேரேட்டுக்கும் போகும். பேரேட்டில் ஆளுக்கொரு பக்கம். ஒரு புறம் பற்று, மறுபுறம் வரவு. நகரத்தார் வட்டிக்கடைகளில் இந்த முறை நன்றாக முதிர்ந்து, ஐந்தொகை போட்டுப் பல ஊர்க் கடைகளின் நிலையை ஒரே இடத்தில் பார்க்கும் அளவுக்கு வளர்ந்தது. வடாற்காட்டுத் தோல் மண்டிகளின் கணக்கும் அடிப்படையில் இதே அமைப்புதான். புதுக்கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு கடையில் பிள்ளையார் சுழியும் மஞ்சள் குங்குமமும் இருக்கும். அடுத்த கடையில் 786 என்று இருக்கும்.

பேரேட்டின் தலைப்பில் ஆளை அடையாளம் காட்டிய விதம் கவனிக்க வேண்டியது. வெறும் பெயர் போதாது. ஒரே பெயரில் ஊருக்குப் பத்துப் பேர். ஆகவே ஊர், தகப்பனார் பெயர், செய்யும் தொழில், சில சமயம் பட்டப்பெயர், யார் சொல்லி இவருக்குக் கடன் கொடுத்தது என்பதெல்லாம் தலைப்பிலேயே ஏறின. கணக்கப்பிள்ளை ஓரத்தில் போட்ட சிறு குறிகள் வேறு. அவற்றின் பொருள் அவருக்கு மட்டுமே தெரியும். கடைக்குப் புத்தகம் சொந்தம். புத்தகத்தைப் படிக்கும் திறமையோ கணக்கப்பிள்ளைக்குச் சொந்தம். அவர் விலகினால் புத்தகம் இருந்தும் பாதிச் செய்தி கையைவிட்டுப் போய்விடும்.

பதனிடுபவருக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல் உலகச் சந்தையில் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல், சுருக்கமாக ஈ.ஐ. தோல் என்று பெயர் பெற்றிருந்தது. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கி, பின்னர் பாதை மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி வழியாக நீண்டபோது சரக்கு சென்னைக்குப் போவது எளிதாயிற்று. சென்னையில் அது இறங்கிய இடம் பெரியமேடு. அங்கிருந்த மண்டிக்காரர் பதனிடுபவருக்கு முன்பணம் கொடுத்தார். பணம் வாங்கியவர் சரக்கை அந்த மண்டிக்கே அனுப்பியாக வேண்டும். மண்டியிலிருந்து ஏற்றுமதியாளர், அவரிடமிருந்து கப்பல், கடைசியில் லண்டன் ஏலம். ஆம்பூரில் தோலை ஊறவைத்துச் சதை நீக்கிப் பட்டைத் தண்ணீரில் போட்டவருக்கு, அது யார் காலில் செருப்பாயிற்று என்று தெரிய வழியே இல்லை. தோலில் குத்திய முத்திரை ஏலத்தில் பெயர் எடுக்கலாம்; அந்தப் பெயரின் பயனைக் கணக்குப் பார்த்தவர்கள் நடுவில் இருந்தவர்கள். முதல் உலகப் போரின்போது இராணுவ பூட்ஸுக்காகச் சென்னை மாகாணத்தின் பதனிட்ட மாட்டுத்தோலை அரசே கொள்முதல் செய்தது. ஒரே வாடிக்கையாளர் என்ற அந்த நிலை போர் முடிந்ததும் போயிற்று. பெரியமேட்டின் பழைய வழி திரும்பி வந்தது.

வாடிக்கையாளரை நேரில் அறிய வேண்டிய கட்டாயம் சுதந்திரத்துக்குப் பிறகுதான் வந்தது. சென்னை அடையாற்றில் 1948-இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. 1972-இல் சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலை அனுப்பிக்கொண்டிருப்பதை விட்டு, முழுதும் முடித்த தோலும் தோல் பொருள்களும் செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் பச்சைத் தோல் ஏற்றுமதி நின்றது. பாதி பதனிட்ட தோலுக்கு அளவுக் கட்டுப்பாடு வந்தது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் முடித்த தோல், ஷூவின் மேல்பாகம், பிறகு முழு ஷூ என்று தொழில் மேலே ஏறியது. ஈ.ஐ. தோல் எல்லோருக்கும் பொதுவான சரக்கு. முடித்த தோலோ ஒரு குறிப்பிட்ட வாடிக்கையாளருக்காக, அவர் சொன்ன நிறத்தில், அவர் சொன்ன தடிமனில் செய்யப்படுவது. வாடிக்கையாளர் யார் என்று தெரியாமல் அதைச் செய்யவே முடியாது.

அந்தக் காலத்து ஏற்றுமதி அலுவலகக் கோப்பு ஒன்றைப் பார்த்தால் இது விளங்கும். வாங்குபவர் ஒருவருக்கு ஒரு கோப்பு. உள்ளே ஆர்டர் தாள். அதில் தோலின் பெயர், நிறம், 1.2 – 1.4 மி.மீ. என்பது போல் தடிமன், எத்தனை சதுர அடி, எந்தத் தரப்பிரிவு, எந்தத் தேதிக்குள் கப்பல் என்ற விவரங்கள். தாளின் மூலையில் உள்ளங்கை அளவுத் தோல் துண்டு ஒன்று பின் அடித்திருக்கும். வாங்குபவர் ‘சரி’ என்று ஒப்புக்கொண்ட மாதிரி அது. அதன் ஜோடி வெளிநாட்டில் அவர் கோப்பில் இருக்கும். சரக்கு வந்து நிறம் மாறியிருக்கிறது என்று அவர் சொன்னால் இரண்டு துண்டுகளையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பதனிடும் கூடத்தில் இதற்கு இணையாகச் செய்முறை அட்டை இருக்கும். சீவிய தோலின் எடைக்கு இத்தனை சதவீதம் எண்ணெய், இத்தனை சதவீதம் சாயம் என்று அதில் எழுதியிருக்கும். அதே வாடிக்கையாளர் மறு ஆண்டு ‘போன தடவை அனுப்பியது போலவே’ என்று ஒரு வரி எழுதினால், அந்த வரிக்குப் பதில் சொல்லக் கோப்பும் அட்டையும் சேர்ந்து வேண்டும். வாடிக்கையாளர் பதிவு என்பது முகவரிப் பட்டியலைவிட எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

1989 இறுதியில் ஜெர்மனி பென்டாகுளோரோபீனாலுக்குத் தடை விதித்தது. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போட்டுவந்த மருந்து அது. 1994-இல் சில அசோ சாயங்களுக்கும் அங்கே தடை வந்தது. 2015 மே முதல், உடலில் படும் தோல் பொருள்களில் ஆறாம் நிலை குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. இதற்கிடையே, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, பாலாற்றங்கரைத் தோல் கூடங்களின் கழிவுநீருக்குக் கணக்குக் கேட்டது. இவை எல்லாம் சேர்ந்து வாடிக்கையாளர் கோப்பைத் தடிமனாக்கின. எந்த வாங்குபவர் எந்த வேதிப்பொருளைத் தடைசெய்திருக்கிறார், எந்தச் சோதனைச் சான்று கேட்கிறார், அது எப்போது காலாவதியாகிறது என்பது நிறம், விலைக்குச் சமமான செய்தியாயிற்று.

கோப்பிலிருந்து கணினிக்குப் போவதற்கு முன் தொலைபேசி, டெலக்ஸ், ஃபேக்ஸ் என்று ஓர் இடைக்காலம் இருந்தது. வெப்பத்தால் எழுத்து விழும் ஃபேக்ஸ் தாள் சில ஆண்டுகளில் வெளுத்துவிடும். ஆர்டர் ஃபேக்ஸ் வந்ததும் ஜெராக்ஸ் எடுத்து அந்த நகலைக் கோப்பில் வைப்பது அந்த நாளில் பல அலுவலகங்களின் வழக்கம். பதிவு எந்தப் பொருளில் இருக்கிறதோ அது எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வியை அந்தத் தாள் எழுப்பிவிட்டது.

கணினி, சிறு நிறுவனங்களுக்குள் கணக்கின் வழியாக நுழைந்தது. பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்காவின் குடும்பம் ஆலைகளுக்கு இயந்திர உதிரிபாகம் விற்றுவந்தது. அந்தத் தொழிலுக்கு ஏற்ற கணக்கு மென்பொருள் கிடைக்காததால் அவர் மகன் பரத் கோயங்கா தாமே ஒன்றை எழுதினார். 1986-இல் தொடங்கிய அந்த முயற்சியே பின்னர் டேலி ஆயிற்று. பேரேடு பழகிய கைக்கு டேலி அந்நியமாகத் தோன்றவில்லை. ஒவ்வொரு வாடிக்கையாளரும் ‘சண்ட்ரி டெட்டார்ஸ்’ பிரிவின் கீழ் ஒரு லெட்ஜர். பழைய ‘ஆளுக்கொரு பக்கம்’ திரைக்கு வந்துவிட்டது. கணக்கப்பிள்ளையின் இடத்தில் ‘டேலி தெரிந்த ஆள்’ வந்தார். வேலைவாய்ப்பு விளம்பரங்களில் அது ஒரு தகுதியாகவே இடம்பெற்றது.

ஆனால் டேலி பேரேட்டின் வாரிசு. கோப்பின் வாரிசு ஆகவில்லை. விற்றதும் பாக்கியும் அதில் ஏறும். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனவர், மாதிரி கேட்டுக் காத்திருப்பவர், போன முறை சரக்கில் குறை சொன்னவர் ஆகியோருக்கு அதில் இயல்பான இடம் இல்லை. வாடிக்கையாளர் மென்பொருள் நிரப்ப வந்தது இந்த இடைவெளியை.

அமெரிக்காவில் விற்பனையாளர்களின் முகவரிக் குறிப்பேட்டைக் கணினிக்கு மாற்றிய ‘ஆக்ட்’ 1987-இல் வந்தது. பெரிய நிறுவனங்களின் விற்பனைப் படைக்காக சீபெல் 1993-இலும், மென்பொருளை நிறுவாமல் இணையம் வழியே மாதச் சந்தாவுக்குத் தரும் சேல்ஸ்ஃபோர்ஸ் 1999-இலும் தொடங்கின. 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி, சென்னையில் வேரூன்றிய நிறுவனம் 2005-இல் ஜோஹோ சி.ஆர்.எம்.-ஐ வெளியிட்டது, 2009-இல் நிறுவனத்தின் பெயரே ஜோஹோ ஆயிற்று. வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ஃப்ரெஷ்டெஸ்க்கும் 2010-இல் சென்னையிலேயே பிறந்தது. இன்று ஃப்ரெஷ்வொர்க்ஸ் எனப்படும் அந்த நிறுவனம் 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. பெரியமேட்டு மண்டிகள் இருந்த நகரம், உலகத்து வியாபாரிகளுக்கு வாடிக்கையாளர் பதிவேடு செய்து தரும் நகரமாகவும் ஆகியிருக்கிறது. ஆம்பூர் வட்டாரத்தினர் பெருமைப்பட இதில் காரணம் உண்டு. தங்கள் தொழிலுக்கு வேண்டியதை அந்த நிறுவனங்களிடம் கேட்டு வாங்கும் உரிமையும் உண்டு.

ஒடுகத்தூர் போன்ற ஊர்களுக்கு மாற்றம் கைப்பேசி வழியாக வந்தது. 2016-இல் மலிவான இணையமும் யு.பி.ஐ.யும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வந்தன. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது. 2018 தொடக்கத்தில் வாட்ஸ்ஆப் பிசினஸ் செயலி வந்தது. அதில் ஒவ்வொரு உரையாடலுக்கும் ‘புது வாடிக்கையாளர்’, ‘பணம் பாக்கி’, ‘ஆர்டர் முடிந்தது’ என்பது போன்ற வண்ணச் சீட்டு ஒட்டலாம். பெயர் எதுவானாலும், சிறு கடைக்காரர்கள் பலருக்கு முதல் சி.ஆர்.எம். இதுதான். கடன் கணக்குக்கென்றே காத்தாபுக், ஓகேகிரெடிட் போன்ற செயலிகளும் அதே காலத்தில் பரவி, பாக்கியை நினைவூட்டும் வேலையைக் கடைக்காரர் வாயிலிருந்து குறுஞ்செய்திக்கு மாற்றின.

இந்த இடத்தில்தான் தேர்வுப் பிரச்சினை எழுகிறது. வட்டாரத்தின் வியாபாரம் இரண்டு வகை. ஆம்பூர்ப் பக்கம் ஷூவின் மேல்பாகம் தைத்துத் தரும் சிறு யூனிட்டுக்கு வாடிக்கையாளர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஒவ்வொரு ஆர்டரும் மாதிரி, ஒப்புதல், வெட்டு, தையல், பரிசோதனை, அனுப்புதல் என்று பல படி போகும். ஒடுகத்தூர் கடைத்தெருவில் உரமோ தீவனமோ விற்பவருக்கு வாடிக்கையாளர்கள் நூற்றுக்கணக்கில். ஒவ்வொருவரோடும் நடப்பது ஒரே படி வியாபாரம். சந்தையில் கிடைக்கும் மென்பொருள்களில் பெரும்பாலானவை, முன்பின் தெரியாத ஆயிரம் பேரிடமிருந்து வாடிக்கையாளரைப் பொறுக்கி எடுக்கும் விற்பனைக் குழுவை மனத்தில் வைத்துச் செய்தவை. யூனிட்டுக்கு அது தேவையே இல்லை. அதற்கு வேண்டியது பழைய தோல் துண்டுக் கோப்பைப் போல ஆர்டரோடு மாதிரியின் படமும் சோதனைச் சான்றும் சேர்ந்து நிற்கும் ஒரு பதிவு. டேலியும் ஒழுங்காக வைத்த ஒரு எக்செல் தாளும் இதற்குப் போதும் என்ற நிலை பல யூனிட்டுகளில் உண்டு. கடைக்காரருக்கு வேண்டியது யார் எப்போது என்ன வாங்கினார், அடுத்து எப்போது கேட்பார் என்ற நினைவூட்டல்.

விலையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெரும்பாலான மென்பொருளுக்கு ஆள் கணக்கில் மாதச் சந்தா. ஜோஹோ சி.ஆர்.எம். மூன்று பேர் வரை இலவசம்; சிறு கடைகளுக்கென்று அதே நிறுவனம் 2020-இல் பிகின் என்ற எளிய மென்பொருளையும் கொண்டுவந்தது. ஆனால் சந்தாவைவிடப் பெரிய செலவு தட்டச்சு. ஒரே பில்லை டேலியில் ஒரு முறை, சி.ஆர்.எம்.-இல் ஒரு முறை என்று இரட்டை வேலை வந்தால், சில வாரங்களில் இரண்டாவது கைவிடப்படும். சிட்டையிலிருந்து நாள்வழிக்கும் அங்கிருந்து பேரேட்டுக்கும் எடுத்தெழுத அன்று தனியாக ஆள் இருந்தார். இன்று மூன்று பேர் வேலை செய்யும் கடையில் அப்படி ஆள் இல்லை. கணக்கு மென்பொருளோடு தானே பேசிக்கொள்ளாத பதிவேடு எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வட்டாரத்துக்கு உதவாது.

பெயர்ச் சிக்கல் இன்னும் ஆழமானது. சேல்ஸ்ஃபோர்ஸ் போன்ற மென்பொருள்களில் குடும்பப்பெயர்க் கட்டத்தை நிரப்பாமல் ஆளைச் சேர்க்க முடியாது. தமிழர் பெயரில் குடும்பப்பெயர் பெரும்பாலும் கிடையாது, இனிஷியல் உண்டு. ஆர். குமார் என்பவரைச் சேர்க்கும்போது ஒருவர் ‘ஆர்’ என்பதைக் குடும்பப்பெயராகப் போடுவார், இன்னொருவர் ‘குமார்’ என்பதைப் போடுவார்; ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். ஆங்கில எழுத்தில் எழுதும்போது முருகேசன் மூன்று விதமாக வரலாம். தமிழ் யூனிகோட் 1991 முதல் இருந்தும் கடைகளில் பெயர்கள் ஆங்கிலத்திலேயே ஏறியதால் இந்தக் குழப்பம் கூடியது. முகவரியும் நிலையாக நிற்பதில்லை. 1989-இல் பழைய வடாற்காடு மாவட்டம் பிரிந்தது. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்திலிருந்து திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்கள் பிரிந்தன. ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிற்று, ஒடுகத்தூர் வேலூரிலேயே நின்றது. பழைய பட்டியலில் இரண்டும் ஒரே மாவட்டம்.

வியாபாரியோடு வியாபாரி நடத்தும் வணிகத்தில் ஜி.எஸ்.டி. எண் இதற்கு நல்ல தீர்வு தந்தது. பதினைந்து இலக்கம், முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33, அடுத்த பத்து பான் எண். எழுத்துப்பிழை இருந்தாலும் எண் ஆளைக் காட்டிவிடும். எண் இல்லாத சில்லறை வாடிக்கையாளருக்குக் கைப்பேசி எண்ணே அடையாளம். அதோடு பேரேட்டுக் காலத்தைப் போல ஊர், தகப்பனார் பெயர், அறிமுகம் செய்தவர் என்ற கட்டங்களைச் சேர்த்துக்கொள்ள இடம் தரும் மென்பொருளே இங்கே நன்றாக உழைக்கும்.

பதிவு யாருடையது என்ற கேள்வி புதிய வடிவத்தில் நிற்கிறது. விற்பனையாளரின் சொந்தக் கைப்பேசியில் வாட்ஸ்ஆப் நடந்தால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் உரையாடல்கள் அனைத்தும் அவரோடு போகும். தரகர் சந்தை மாறிய கதை மறுபடி நடக்கும். நிறுவனத்தின் பெயரில் வாங்கிய சிம் இதைத் தடுக்கும். இணையவழி மென்பொருளில் பதிவு இருப்பது பிறர் கணினியில். சந்தா நின்றால் என்ன ஆகும், முழுப் பட்டியலையும் குறிப்புகளும் கோப்புகளும் உட்பட வெளியே எடுக்க முடியுமா என்பதை வாங்குவதற்கு முன்பே செய்து பார்ப்பது அவசியம். பெயரும் எண்ணும் மட்டும் வெளியே வந்து, பல ஆண்டுப் பேச்சுக் குறிப்பு உள்ளேயே தங்கிவிடும் மென்பொருளும் உண்டு. முன்பணம் கொடுத்துச் சரக்கைக் கட்டிப்போட்ட மண்டிக்காரரிடம் ஆம்பூர்க்காரர்கள் இருந்த நிலையும் இதுவும் அதிகம் வேறுபடவில்லை.

அண்மையில் சட்டமும் இதற்குள் வந்திருக்கிறது. 2023-இன் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் விவரத்தை எந்தக் காரியத்துக்காக ஒப்புதல் பெற்று வாங்கினார்களோ அதற்கே பயன்படுத்த வேண்டும் என்றும், அவர் ஒப்புதலைத் திரும்பப் பெற்றால், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாத வரை, அழிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஜி.எஸ்.டி. சட்டமோ, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கு ஆவணங்களை வைத்திருக்கச் சொல்கிறது. பில் இருக்க வேண்டும். விளம்பரத்துக்கு வைத்திருந்த கைப்பேசி எண் கேட்டவுடன் போக வேண்டும். பழைய பேரேட்டில் இரண்டும் ஒரே பக்கத்தில் கலந்திருந்தன. புதிய மென்பொருளில் இவற்றைத் தனித்தனியாக வைக்கவும் தனித்தனியாக அழிக்கவும் முடிகிறதா என்பதும் தேர்வின் ஒரு பகுதி.